டிரெயின் போல்ட்டில் ஒரு காந்தம்

கார் என்ஜினின் அடியில், ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பின் தாழ்வான மூலையில், ஒரு போல்ட் இருக்கிறது. ஆயில் மாற்ற வரும் மெக்கானிக் அதைத்தான் முதலில் கழற்றுவார். கருத்த ஆயில் முழுக்க வடிந்ததும் புது வாஷர் போட்டு மறுபடி முடுக்குவார். அடுத்த சர்வீஸ் வரை அந்த போல்ட்டை யாரும் நினைப்பதில்லை. அதன் நுனியில் சிறு காந்தம் ஒன்றைப் பதித்துவிட்டால் ஆயிலில் மிதக்கும் இரும்புத் துகள்களை அது பிடித்துக்கொள்ளும், என்ஜினின் ஆயுள் கூடும் என்று சொல்லி, காந்த டிரெயின் போல்ட்டுகளை உதிரிபாகக் கடைகளிலும் இணையத்திலும் விற்கிறார்கள். வாங்கிப் போடலாமா?

போடலாம். அதனால் பயனும் உண்டு. அந்தப் பயன் எங்கே இருக்கிறது என்று தெரிந்து போடுவது முக்கியம்.

ஓடுகிற என்ஜினில் இரும்பு தேய்ந்துகொண்டேதான் இருக்கும். சிலிண்டர் சுவர், பிஸ்டன் ரிங், கேம் ஷாஃப்ட், டைமிங் செயின், ஆயில் பம்ப்பின் பற்கள் என்று ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவில் தூளை உதிர்க்கின்றன. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே, சுமை அதிகமாக விழும் இடத்தில், ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். படலத்தைவிட மிகப் பெரிய துகள் அந்த இடுக்கில் நுழையாது. மிகச் சிறியது இரண்டு பக்கமும் உரசாமல் போய்விடும். ஏறக்குறைய படலத்தின் அளவே உள்ள துகள்தான் இரு உலோகப் பரப்புகளையும் சேர்த்துக் கீறுகிறது.

இதை 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. 40 மைக்ரான் துகளைப் பிடிக்கும் ஃபில்டருக்குப் பதிலாக 30 மைக்ரான் துகளைப் பிடிக்கும் ஃபில்டரைப் போட்டபோது என்ஜின் தேய்மானம் பாதியாகக் குறைந்தது. 15 மைக்ரான் ஃபில்டரில் 70 சதவீதம் குறைந்தது. நுண்ணிய துகளைப் பிடிப்பது எவ்வளவு மதிப்புள்ள வேலை என்பதற்கு இது போதும்.

காந்தத்துக்கோ துளையின் அளவு என்ற கணக்கே இல்லை. ஃபில்டர் தாளைத் தாண்டிவிடும் 5 மைக்ரான் துகளும் இரும்பாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும். விற்பவர்கள் இந்த இடத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். துகள் மீது காந்தத்துக்கு உள்ள இழுவிசை அதன் கன அளவைப் பொறுத்தது. ஓடும் ஆயில் துகளை அடித்துச் செல்லும் விசை அதன் விட்டத்தைப் பொறுத்தது. துகளின் விட்டம் பாதியானால் ஆயிலின் பிடி பாதியாகும், காந்தத்தின் பிடி எட்டில் ஒன்றாகிவிடும். எது நுணுக்கமோ அதுதான் எளிதாகத் தப்பிக்கிறது. போதாததற்குக் காந்தத்தின் வலு தூரத்தோடு வேகமாகச் சரிகிறது. போல்ட்டின் நுனியை ஒட்டிப் போகும் துகளுக்குத்தான் அது ஆபத்து. ஆயில் ஒரு நிமிடத்தில் பல முறை என்ஜினைச் சுற்றி வருவதால், இன்று தப்பியது நாளை மாட்டலாம். அப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் சேர்ந்ததுதான் போல்ட்டின் நுனியில் பார்க்கும் சாம்பல் நிறச் சேறு.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. என்ஜினைத் தேய்ப்பது இரும்பு மட்டுமல்ல. காற்றோடு உள்ளே வரும் தூசியில் இருக்கும் மணல் துகள், எஃகைவிடக் கடினமானது. காந்தம் அதைத் தொடாது. பிஸ்டனிலிருந்து வரும் அலுமினியம், பேரிங்கிலிருந்து வரும் செம்பு, ஈயம், வெள்ளீயம், எரிபொருள் எரிந்த கரி ஆகியவையும் காந்தத்துக்கு அகப்படாதவை. மண் சாலையில் ஓடும் காருக்குக் காந்த போல்ட் போட்டுவிட்டு ஏர் ஃபில்டரை மாற்றாமல் விடுவது எந்த வகையிலும் நல்ல கணக்கு அல்ல.

அண்மைக் காலத்தில் உலகம் அறிந்த இரண்டு என்ஜின் கோளாறுகளையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 2015இல் ஹூண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது வந்த உலோகப் பிசிறு அதன் ஆயில் துளைகளில் தங்கி, பேரிங்குக்குப் போகவேண்டிய ஆயிலை மறித்ததுதான் காரணம். 2024இல் டொயோட்டாவும், தயாரிப்பின்போது என்ஜினுக்குள் விடுபட்ட பிசிறுக்காக, சுமார் 1,02,000 டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளை அழைக்க நேர்ந்தது. ஃபில்டரைத் தாண்டிய ஆயில் வழியில் உட்கார்ந்திருக்கும் பிசிறு முதலில் பேரிங்கைத்தான் போய்ச் சேரும். சம்ப்பின் அடியில் காந்தம் காத்திருந்து அங்கே என்ன செய்ய முடியும்?

கியர் பாக்ஸின் கதை வேறு. மேனுவல் கியர் பாக்ஸிலும் டிஃபரென்ஷியலிலும் பெரும்பாலும் ஆயில் ஃபில்டரே கிடையாது. உரசுவதெல்லாம் எஃகுப் பற்கள். அங்கே காந்தம்தான் ஒரே துப்புரவாளர். அதனால்தான் பல நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே அவற்றுக்குக் காந்த போல்ட் போட்டு அனுப்புகின்றன; ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் அடித்தட்டிலும் காந்தத் துண்டுகளை வைக்கின்றன. என்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் காந்த போல்ட்டுக்கு வேலை உண்டு.

காந்தத்தின் உண்மையான மதிப்பைக் கண்டுகொண்டவர்கள் விமானத் துறையினர். ஹெலிகாப்டரின் கியர் பாக்ஸில் ‘சிப் டிடெக்டர்’ என்ற காந்த முனை இருக்கும். உலோகச் சில்லு அதில் ஒட்டி மின்சுற்றை இணைத்தால் விமானியின் எதிரே எச்சரிக்கை விளக்கு எரியும். துகளை அகற்றுவது அதற்கு இரண்டாவது வேலைதான்; முதல் வேலை, உள்ளே ஏதோ உடைகிறது என்று சொல்வது.

அந்தச் செய்தியைச் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009இல் வட கடலில் நடந்த விபத்து சாட்சி. ஏப்ரல் 1 அன்று மில்லர் எண்ணெய் மேடையிலிருந்து அபர்டீனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் மெயின் கியர் பாக்ஸ் உடைந்தது. சுழலி கழன்று விழுந்து, உள்ளே இருந்த 16 பேரும் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, சிப் டிடெக்டரில் ஒரு துகள் கிடைத்திருந்தது. அது எதிலிருந்து வந்தது என்று சரியாக இனங்காணப்படவில்லை. ஹெலிகாப்டரைப் பராமரித்தவர்களுக்கும் தயாரித்தவர்களுக்கும் இடையே தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நடந்த பேச்சில் குழப்பம் நேர்ந்தது. கியர் பகுதியைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு தன் அறிக்கையில் இன்னொன்றையும் சொன்னது. கியர் பாக்ஸுக்குள் துகள்களைப் பிடிக்க வளையமாக வைத்திருந்த வேறு காந்தங்கள், அந்தத் துகள்கள் சிப் டிடெக்டரை வந்தடையும் வாய்ப்பையே குறைத்திருந்தன. விபத்துக்குப் பிறகு அந்த வளையத்தை அகற்ற உத்தரவானது. பிடித்த துகளை யாரும் பார்க்க முடியாத இடத்தில் காந்தம் இருந்தால் அது ஆபத்தை மறைக்கவும் செய்யும்.

கார் உலகில் இதற்கு நெருக்கமான உதாரணம் போர்ஷே. 1990களின் இறுதியில் வந்த பாக்ஸ்டர், 911 கார்களின் என்ஜினில் ‘இன்டர்மீடியட் ஷாஃப்ட்’ பேரிங் முன்னறிவிப்பின்றி நொறுங்கி என்ஜினையே பாழாக்கியது. அமெரிக்காவில் வழக்கு வரை போய் 2013இல் சமரசம் ஆனது. பேரிங்கின் குண்டுகள் எஃகு. ஆகவே அக்கார்களின் உரிமையாளர்கள் காந்த போல்ட் போட்டு, ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் அதன் நுனியைப் பரிசோதிக்கிறார்கள். சில்லு தெரிந்தால் என்ஜின் போவதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடலாம்.

இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்களிலும் ரயில் என்ஜினின் ஆயிலை ஆய்வகத்தில் சோதித்து, எந்த உலோகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்குப் பயன்படும் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சரியாகக் காணாது. பெரிய சில்லுகளைக் காட்டிக்கொடுப்பதில் காந்த போல்ட்தான் கெட்டி, அதுவும் செலவில்லாமல்.

போல்ட்டின் நுனி சொல்வதைப் படிப்பது கடினமல்ல. விரலில் தேய்த்தால் மை போல வழுக்கும் சாம்பல் சேறு, இயல்பான தேய்மானம். நெருடினாலோ, ஊசி, செதில், சில்லு போலத் தெரிந்தாலோ நல்ல மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும். வடித்த ஆயிலை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும்போது செம்பு நிற மினுமினுப்பு இருந்தால் அது பேரிங்கின் அறிகுறி; காந்தத்தில் அது ஒட்டாது என்பதால் தனியாகத் தேட வேண்டும்.

வாங்கும்போது சில எச்சரிக்கைகள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். நீண்ட பயணத்தில் சம்ப் ஆயில் 100 டிகிரியைத் தொடுவது வழக்கம். அதிக வெப்பம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பசையால் ஒட்டிய காந்தம் கழன்று சம்ப்புக்குள் விழலாம்; உலோகத்துக்குள் இறுக்கிப் பதித்ததே நம்பத்தக்கது. மரை, நீளம், வாஷர் மூன்றும் பழைய போல்ட்டோடு பொருந்த வேண்டும். அலுமினிய சம்ப்பில் அளவுக்கு மீறி முடுக்கினால் மரை போய்விடும். பிறகு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் போல்ட்டின் விலை ஒன்றுமில்லை.

சர்வீஸுக்கு விடும்போது, போல்ட்டைத் துடைப்பதற்கு முன்பு காட்டச் சொல்ல வேண்டும். அவசரத்தில் பழந்துணியால் துடைத்து மாட்டிவிட்டால் அத்தனை கிலோமீட்டரின் தகவலும் துணியோடு போய்விடும். கைபேசியில் படம் எடுத்து, எத்தனை கிலோமீட்டரில் எடுத்தது என்று குறித்து வைத்தால் அடுத்த முறை ஒப்பிடலாம். பழைய காரில் முதன்முதலாகக் காந்த போல்ட் போட்டவர்கள், முதல் தடவை நிறையச் சேறு கண்டு பதற வேண்டாம். அதில் பல ஆண்டுகளின் மிச்சமும் கலந்திருக்கும். இரண்டாவது ஆயில் மாற்றத்தில் தெரிவதையே அந்த என்ஜினின் இயல்பான அளவாக எடுத்துக்கொள்ளலாம்.