வேர்ட் திறக்கவில்லையா? அழிக்காதீர்கள்!

இரவு 12 மணிக்குள் இடுபணியை அனுப்ப வேண்டும். ஜுருவில் எங்கள் வீட்டுக் கணினியில் வேர்ட் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடியும் போடுக்கா," என்றான் தம்பி.

அவசரம் வேண்டாம், நண்பர்களே! விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடியே வேர்ட் சின்னத்தைச் சொடுக்குங்கள். 'சேஃப் மோடில்' திறக்கவா என்று கேட்கும், 'யெஸ்' கொடுங்கள். ஆட்-இன் எனப்படும் துணை நிரல்கள் இல்லாமல் வேர்ட் மட்டும் திறக்கும். அப்படித் திறந்தால், கோளாறு பெரும்பாலும் துணை நிரலில்தான். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பகுதிக்குச் சென்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

அப்போதும் திறக்கவில்லையா? கன்ட்ரோல் பேனலில் 'குவிக் ரிப்பேர்' செய்யுங்கள். உங்கள் கோப்புகள் அழியாது.

என் கணினியைப் படுத்தியது, போன வாரம் நானே சேர்த்த ஒரு துணை நிரல். அதை நிறுத்தினேன், இடுபணி 11.40க்குப் போய்ச் சேர்ந்தது.