மரத்தூள் நெஞ்சுக்குள் போகாதிருக்க

காணியை விட்டு வந்த விவசாயிக்குத் தச்சுத்தொழில் கைகொடுக்கும். கதவு, யன்னல்களுக்கு அலங்கார விளிம்பு வெட்டவும், பலகையில் தவாளிப்பு எடுக்கவும் 'றவுட்டர்' என்னும் சிறிய மின் இயந்திரம் உதவுகிறது. அதனை ஒரு மேசையின் கீழே தலைகீழாகப் பூட்டினால், வெட்டும் அலகு மேசையின் துவாரத்தினூடாக மேலே நீட்டி நிற்கும். மரத்தைக் கையால் தள்ளி வேலை செய்யலாம். இம்மேசையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால், அதைச் செய்யும்போதே தூசு வெளியேறவும் வழி செய்ய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு

கைவாளால் அரியும்போது தூள் காலடியில் விழுந்து கிடக்கும். றவுட்டரின் அலகோ நிமிடத்துக்கு 10,000 முதல் 25,000 தடவை வரை சுழல்வது. அது சீவலையும் நுண்ணிய தூசையும் சேர்த்து வீசுகிறது. சீவல் தரையில் விழும். தலைமயிரின் தடிப்பிலும் பல மடங்கு சிறிய நுண்தூசு மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். நெஞ்சின் ஆழம் வரை செல்லும். இருமலும் இழுப்பும் இதனால் வரலாம். மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியது. எமது முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும்.

வீட்டுப் பத்தியில் வேலை நடந்தால், உள்ளே உறங்கும் பிள்ளையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும்

தூசு பரவிய பின் கூட்டுவதில் பயன் குறைவு. அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

முதலாவது, மேசையின் மேல். மரம் அணைந்து செல்லும் தடுப்புப் பலகையில், அலகு நிற்கும் இடத்தில் ஓர் இடைவெளி இருக்கும். அதன் பின்புறம் சிறு பெட்டி அடித்து, குழாய் பொருத்தத் துவாரம் இடுங்கள். விளிம்பு வெட்டும்போது வரும் தூளில் பெரும்பகுதி இவ்வழியே போகும்.

இரண்டாவது, மேசையின் கீழ். பலகையின் நடுவே தவாளிப்பு எடுக்கும்போது மரமே அலகை மூடிவிடுவதால் தூள் கீழே இறங்கும். ஆகவே றவுட்டரைச் சுற்றி ஒரு பெட்டி அடித்து, அதற்கும் குழாய் பூட்டுங்கள். பெட்டியை முற்றாக அடைக்கக் கூடாது. குழாய்க்கு எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழி விடுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் சூடேறிப் பழுதாகும், தூசும் இழுபடாது.

இரண்டு குழாய்களையும் கவர்க் குழாய் ஒன்றினால் இணைத்துத் தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்குக் கொண்டு செல்லலாம். குழாய் குறுகியதாகவும் வளைவு குறைந்ததாகவும் இருப்பது நல்லது.

இடையில் ஒரு வாளி

உறிஞ்சியின் பை விரைவில் அடைபடாதிருக்க, இடையில் மூடியுள்ள தடித்த வாளியொன்றை வையுங்கள். தூசு வரும் குழாய் வாளியின் சுவரோடு ஒட்டிச் சாய்வாக நுழைய வேண்டும். உறிஞ்சிக்குப் போகும் குழாய் மூடியின் நடுவில் இருக்க வேண்டும். உள்ளே காற்று சுழலும்போது பாரமான தூள் வாளியின் அடியில் விழும். மூடியில் காற்று கசியாதிருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைக்கலாம். மெல்லிய வாளி இழுவையில் ஒடுங்கிவிடும்.

நுண்தூசு பையையும் தாண்டி வரும். ஆகையால் உறிஞ்சியை மழை படாதபடி கொட்டிலுக்கு வெளியே, ஆட்கள் இல்லாத பக்கமாக வையுங்கள்.

உறிஞ்சி வாங்க வசதியில்லாதோர்

மேசையைத் திறந்த வெளியில் போட்டு, காற்று தூசை உங்களைவிட்டு அப்பால் கொண்டுபோகும்படி நில்லுங்கள். துணி கட்டுவது நுண்தூசுக்குப் போதாது. 2020இல் கொரோனாக் காலத்தில் நாம் அறிந்துகொண்ட என்95 வகை முகக்கவசம், முகத்தோடு இறுகப் பொருந்தினால், காக்கும். இயந்திரம் நின்றவுடன் அதைக் கழற்ற வேண்டாம். உலர்ந்த தூளை விளக்குமாற்றால் கிளப்பாமல், தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். எதைச் செய்தாலும் முதலில் மின்செருகியைக் கழற்றிய பின்னரே அலகில் கை வையுங்கள்.

சேர்ந்த தூள் வீணல்ல

பச்சைத் தூளை நேரே பாத்தியில் கொட்டினால், அது உக்கும்போது மண்ணின் நைதரசனை இழுத்துப் பயிரை மஞ்சளாக்கும். மாட்டெருவோடு குவித்து உக்கவிட்டு இடுங்கள். ஒட்டுப்பலகை, வர்ணம் பூசிய பலகை, மருந்தடித்த பலகை ஆகியவற்றின் தூளைத் தோட்டத்திலோ அடுப்பிலோ போட வேண்டாம்.

காணி திரும்பக் கிடைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்க நல்ல நெஞ்சும் வேண்டும். மேசைக்குக் கால் பூட்டும் அன்றே குழாய்க்கும் துவாரம் இட்டுவிடுங்கள்.