கண்ணாடிக்குள் லேஸ் பின்னல்! தீவு ரகசியத்தைக் கடல் கடந்து சொல்லிக்கொடுத்த மேஸ்திரி

கண்ணாடிக் கிண்ணம். உள்ளே வெள்ளை நூலில் லேஸ் பின்னிய மாதிரி வலை. ஆனால் நூலும் இல்லை, ஊசியும் இல்லை. எல்லாமே கண்ணாடி!

இத்தாலியில் வெனிஸ் பக்கத்தில் உள்ள முரானோ தீவின் கைவேலை இது. தீ விபத்துக்குப் பயந்து, 1291ல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை இந்தத் தீவுக்கு மாற்றியது. ரகசியம் வெளியே போகாமல் இருக்க, தொழிலாளர்கள் ஊரை விட்டுப் போகவும் தடை போட்டது.

எப்படிச் செய்வது?

கண்ணாடிக் கம்பி மேல் வெள்ளைக் கண்ணாடியால் நீளவாக்கில் கோடு போடணும். கேஸ் தீயில் காட்டினால் பாகு மாதிரி இளகும். இரண்டு கையையும் எதிரெதிராகத் திருப்பி, மெதுவாக இழுக்கணும். கோடுகள் முறுக்கிக்கொள்ளும். அவசரப்பட்டால் கம்பி அறுந்துவிடும். சட்டென்று ஆறினால் "டப்" என்று வெடிக்கும். அதனால் சூளையில் வைத்துத்தான் ஆற விடணும்.

இடப்பக்கம் முறுக்கிய கோடுகள் மேல் வலப்பக்கம் முறுக்கியதைச் சேர்த்தால் வலை. கட்டத்துக்கு ஒரு காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொள்ளும். இதற்கு "ரெட்டிசெல்லோ" என்று பெயர்.

ஊரில் முணுமுணுப்பு

முரானோவில் 1934ல் பிறந்தவர் லினோ தல்யாபியேத்ரா. சின்ன வயதிலேயே உலைக்கு வேலைக்குப் போய் மேஸ்திரி ஆனவர். 1979ல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குப் போய், தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஊர்ச் சொத்தை அந்நியருக்குக் கொடுப்பதா என்று தீவில் பலர் முகம் சுளித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

இன்று பல நாடுகளில், மேஜை மேல் கேஸ் விளக்கை வைத்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் இந்த முறுக்கைப் பழகுகிறார்கள். முதலில் உடைவது கம்பி. அப்புறம்தான் கை படியும்!