எல்லைக்குறியும் நம்முடைய சாட்சியும்



பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து, வாடகை வீடுகளில் ஆண்டுகளைக் கழித்து, கடைசியில் நகரத்தின் ஓரத்தில் முப்பதுக்கு நாற்பது அடி மனை ஒன்றை வாங்குகிற நாள் நம் குடும்பங்களுக்கு ஸ்தோத்திர நாளாகும். மறுவாரமே வேலியைப் பற்றிய யோசனை எழும்புகிறது. மனையைக் காக்க வேலி வேண்டும்தான். ஆனால் அந்த வேலியே நம்முடைய சாட்சியை இடித்துப்போடவும் கூடும்.

எங்கள் சபையின் சகோதரர் ஒருவர், மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி, மூலையில் கிடந்த பழைய கல்லையே எல்லையாக வைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பினார். பக்கத்து மனைக்காரர் அளந்து பார்த்தபோது முக்கால் அடி அவருடைய நிலத்தில் ஏறியிருந்தது. "தினமும் ஜெபிக்கிற நீங்களா இப்படிச் செய்தீர்கள்?" என்று அவர் கேட்டார். நம் சகோதரர் இரண்டு வாரம் வாதாடினார். பின்பு உபாகமம் 19:14 அவர் இருதயத்தைக் குத்தியது. தம் சொந்தச் செலவில் சுவரை இடித்து, உள்ளே தள்ளிக் கட்டினார். அயலாருடைய கோபம் தணிந்தது. பழைய சிநேகம் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. சுவரை ஒரு வாரத்தில் திரும்பக் கட்டலாம். சாட்சியை அப்படிக் கட்ட முடியாது.

ஆகையால் முதலாவது, அளந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற லேஅவுட் மனையானால், லேஅவுட் வரைபடத்தோடும் கிரயப்பத்திரத்திலுள்ள நான்கெல்லையோடும் ஒத்துப்பாருங்கள். சர்வே எண்ணுள்ள நிலமானால், கர்நாடகத்தில் 'ஹத்துபஸ்து' என்னும் எல்லை அளவைக்கு விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் அயலாரையும் அழையுங்கள்.

இரண்டாவது, விதியை விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றுச்சுவரின் உயரம் முன்சாலையின் நடுமட்டத்திலிருந்து 1.5 மீட்டருக்கு மிஞ்சலாகாது என்கிறது. மேல் 0.9 மீட்டர் கம்பி அழியைப்போலத் திறந்த வேலையாயிருந்தால், 2.4 மீட்டர் வரை அனுமதிக்கப்படலாம். மூலைமனையில், வாகனம் ஓட்டுகிறவர்களின் பார்வை மறையாதபடி, சந்திப்பை ஒட்டிய 10 மீட்டர் நீளத்துக்குக் கெட்டிச்சுவர் 0.75 மீட்டரே இருக்கவேண்டும். வாசற்கதவு தெருவுக்குள் திறவாமல், உள்பக்கமாகவே திறக்கவேண்டும். இது முன்மாதிரியே, உங்கள் ஊரின் விதியே செல்லும். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபடியால், உங்கள் மனை எந்த மாநகராட்சிக்கு அல்லது எந்தப் பஞ்சாயத்துக்கு உட்பட்டது என்பதை அறிந்து, அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தக்காரரோடு எழுதிக்கொள்ளுங்கள். விசுவாசியானாலும் எழுத்து வேண்டும். அது அவிசுவாசமல்ல, சமாதானத்துக்கு வழி. அவர் முன்பு கட்டிய இரண்டு வேலிகளை நேரில் போய்ப் பாருங்கள். ஓரடி நீளத்துக்கு என்ன கூலி, சிமெண்டும் கம்பியும் யாருடையவை, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எத்தனை நாளில் முடியும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் சுவரைவிட அகலமானது. மேலே சுவர் நம் நிலத்தில் நின்றாலும், மண்ணுக்குள் அது அயலாரின் நிலத்தில் நுழைந்துவிடலாம். அதையும் ஒப்பந்தத்தில் சொல்லிவையுங்கள். வேலை நடக்க நடக்கப் பணத்தைக் கொடுங்கள். முழுவதையும் முன்பணமாகக் கொடுக்கவேண்டாம். ஆனால் வேலை செய்தவனுடைய கூலியைப் பிடித்துவைக்கவும் வேண்டாம்; லேவியராகமம் 19:13-ஐ வாசியுங்கள்.

பிரியமானவர்களே, லூக்கா 14:28-ல் ஆண்டவர் சொன்னபடி உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கில் அயலாருடைய சமாதானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தாமே உங்கள் எல்லைகளையும், எல்லைக்கு அப்பால் வசிக்கிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.