வளவும் வாழ்வும் – 14: தீன் தொடாத கோழி

மாடு படுத்தால் வன்னியில் கால்நடை வைத்தியரிடம் உடனே ஆள் ஓடும். கோழி படுத்தால் கத்தியைத்தான் தேடுவார்கள். சென்ற கிழமை பால்மாடுகளைப் பற்றி எழுதியபோதே இதையும் சொல்லியிருக்க வேண்டும். போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை கட்டம் கட்டமாக ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகளும் கிடைத்தன. தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு முட்டை விற்றுப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிய தாய்மார் இன்றும் அந்தக் கோழிகளின் பரம்பரையை வைத்திருக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வளவில், மரநாய் இழுத்து முதுகுத் தோல் கிழிந்த பேட்டுக்கோழி ஒன்றைக் கண்டேன். "ரெண்டு நாளா ஒரு மணியும் கொத்தேல்லை தம்பி. இனி அறுக்கிறதுதான்" என்றார் வீட்டுக்கார அம்மா. எச்சம் பச்சையாய்ப் போகிறது, இராணிக்கெட் வந்துவிட்டது என்பது அவருடைய பயம். இராணிக்கெட்டில் பச்சைக் கழிச்சல் வரும், உண்மைதான். ஆனால் வயிற்றில் தீன் இல்லாத எந்தக் கோழியும் பச்சையாய்த்தான் எச்சமிடும். அது பித்தநீரின் நிறம். மற்றக் கோழிகள் துடிப்பாய் நின்றால், மூச்சு இழுப்பும் கழுத்துத் திருகலும் இல்லாவிட்டால், பசியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காயத்தின் கதை சின்னது. கொதித்தாறிய தண்ணீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இலையான் மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதனால் வலைத்துணியால் மூடுங்கள். இரத்தச் சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்த கோழியே கொத்தும், ஆகவே தனிக்கூடு.

சாப்பிட வைப்பதுதான் பெரிய பாடு. கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டைக் காப்பதற்கே தீன் வேண்டும். தீன் இல்லாமல், மாரிமழை ஈரத்தில், பயந்துபோய் இருக்கும் கோழி குளிர்ந்துபோகும். குளிர்ந்த கோழி கொத்தாது. எனவே முதலில் சூடு: உமி பரப்பிய பெட்டி, அரை இருட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்று.

அடுத்தது தண்ணீர். தீனை விட அதுவே அவசரம். வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் ஜீவனிப் பொடி கரைத்த நீர் நல்லது. சொண்டின் ஓரத்தில் துளித்துளியாய் விடுங்கள், அதுவே விழுங்கட்டும். வாயைப் பிளந்து ஊற்றுகிறவர்கள் கோழியைக் கொன்றுவிடுகிறார்கள். மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால், ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். சோற்றை உருட்டித் திணிப்பதும் இதே கதைதான்.

சீனி கலந்தால் தின்னும் என்று சிலர் சொல்வார்கள். கோழிக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை இழுப்பது அசைவு. கறையான் புற்றில் ஒரு துண்டை வெட்டி முன்னால் போடுங்கள். குஞ்சுகளுக்கு நம் ஆச்சிமார் போட்டது அதைத்தான். வலைக்கு அப்பால் சாதுவான இன்னொரு கோழியை விட்டுத் தீன் போடுங்கள். பக்கத்தில் ஒன்று கொத்தினால் தானும் கொத்துவது கோழியின் இயல்பு. விரலால் நிலத்தைத் தட்டினாலும் சில கோழிகள் ஏமாறும்! ஒட்டுசுட்டான் கோழி கறையானுக்குத்தான் தலை நிமிர்த்தியது.

கழுத்தடியில் உள்ள இரைப்பையை விடியற்காலையில் தடவிப் பாருங்கள். வெறுமையாய் இருந்தால் சரி. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தும் கல்லுப்போல் இருந்தால் நாரோ நூலோ அடைத்திருக்கலாம். அப்போது தீன் கொடுக்கக் கூடாது, வைத்தியரிடம் காட்டுங்கள். பல் பதிந்த காயமும் அப்படித்தான். வெளியே சின்னத் துளை, உள்ளே சீழ். அதற்கு மருந்து தேவை, அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் மிஞ்சிய குளிசைகளை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

அரச கால்நடை வைத்திய அலுவலகம் மாடுகளுக்கு மட்டுமானதல்ல. கோழியைக் கூச்சப்படாமல் கடகத்தில் வைத்துக் கொண்டுபோங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால், எத்தனை நாளைக்கு முட்டையும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

(தொடரும்)