தாணே தாக்குதல் வழக்கு: ஆட்சி மாறியதும் மாறிய போலீஸ்

புதுதில்லி: அமைச்சரின் பங்களாவில் வைத்து ஒருவரைத் தாக்கியதாகப் புகார் வந்தால், அதே அமைச்சர் அங்கம் வகிக்கும் அரசின் போலீஸார் அதை எப்படி விசாரிப்பார்கள்? மும்பையை அடுத்த தாணேயைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுவந்த கேள்வி இது.

கரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5-ம் தேதி இரவு 9 மணிக்கு விளக்கேற்றுமாறு பிரதமர் மோடி வேண்டுகோள் விடுத்தார். அதை விமர்சித்தவர்களில் ஒருவர், தேசியவாத காங்கிரஸைச் சேர்ந்த அன்றைய மகாராஷ்டிர வீட்டுவசதித் துறை அமைச்சர் ஜிதேந்திர ஆவாட். அவரைக் கேலி செய்யும் படத்தை அந்தப் பொறியாளர் முகநூலில் வெளியிட்டார். அன்றிரவே வீட்டுக்கு வந்த போலீஸார் தம்மை அமைச்சரின் பங்களாவுக்கு அழைத்துச் சென்றதாகவும், அமைச்சரின் முன்னிலையில் பலர் தம்மை அடித்ததாகவும் அவர் புகார் அளித்தார். ஆவாட் இதை மறுத்தார்.

வர்த்தக் நகர் போலீஸார் வழக்குப் பதிந்தனர், அடையாளம் தெரியாத நபர்கள் மீது. படம் வெளியிட்டதற்காகப் புகார்தாரர் மீதும் தனி வழக்கு பாய்ந்தது. "வீட்டுக்கு ஆட்டோ வரும்" என்ற மிரட்டலைக் கேட்டுப் பழகிய தமிழக வாசகர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது.

சிபிஐ விசாரணை கோரி அவர் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினார். அமைச்சர் கைதானது 2021 அக்டோபரில், அதாவது சம்பவம் நடந்து 18 மாதங்களுக்குப் பிறகு. அன்றே ஜாமீன் கிடைத்தது, பதவியும் தொடர்ந்தது. 2022-ல் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

அவ்வாண்டு ஜூனில் ஆட்சி கவிழ்ந்தது. நவம்பர் 7-ல் தாணே திரையரங்கு ஒன்றில் மராத்தித் திரைப்படக் காட்சி தடுக்கப்பட்டு, பார்வையாளர் ஒருவர் தாக்கப்பட்டார். அந்த வழக்கில் ஆவாடைக் கைது செய்ய அதே வர்த்தக் நகர் போலீஸாருக்கு நான்கு நாட்களே போதுமானதாக இருந்தன.

பொறியாளரின் மேல்முறையீட்டிலும் மாநில அரசின் குரல் மாறியது. மேல்விசாரணை தேவை என்று அதன் தரப்பிலேயே கூறப்பட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, குற்றச்சாட்டுகள் பதிவான பிறகும் மேல்விசாரணைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நியாயமான விசாரணை பாதிக்கப்பட்டவரின் உரிமையும்கூட என்று நீதிபதிகள் எம்.ஆர். ஷா, சி.டி. ரவிகுமார் அமர்வு 2023 பிப்ரவரி 24-ல் தீர்ப்பளித்தது. ஆனால் சிபிஐ கோரிக்கை ஏற்கப்படவில்லை. கூடுமானவரை மூன்று மாதங்களில் முடிக்குமாறு கூறி, பணி மாநிலப் போலீஸாரிடமே ஒப்படைக்கப்பட்டது.

2024 நவம்பர் தேர்தலில் மும்ப்ரா-கல்வா தொகுதி வாக்காளர்கள் ஆவாடை நான்காவது முறையாகச் சட்டப்பேரவைக்கு அனுப்பினர்.