கான்கிரீட் உலர்வதில்லை!

எங்கள் தெருவில் பெரிய மாளிகை ஒன்று எழும்பி வருகிறது. அதன் கூடத்திற்குத் தளம் போட்ட ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் வந்தார். கிரகப்பிரவேசத்திற்கு நாள் குறித்தாகிவிட்டது, அவருக்கு அவசரம். "மேஸ்திரி, நல்ல வெயில் அடிக்கிறது. கான்கிரீட் காய்ந்துவிட்டதே, முட்டுகளைப் பிரித்துவிடலாமே?" என்றார். "வேண்டாங்கய்யா, இன்னும் பத்து நாள் போகட்டும்" என்று கூறிவிட்டு, மேஸ்திரி தளத்தின்மேல் தண்ணீர் ஊற்றச் சென்றார். இருவரில் யார் சொன்னது சரி?

சேறு வெயிலில் நீரை இழந்து கெட்டியாகிறது. கான்கிரீட் அப்படியன்று, நீரை ஏற்றே அது இறுகுகிறது. சிமெண்டிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீருடன் வினைபுரிந்து, மணலையும் ஜல்லியையும் பிணைக்கும் புதிய பொருளாக மாறுகின்றன. இதற்கு நீரேற்றம் என்று பெயர். இது மெதுவாக நிகழும் வினை. 28 நாட்களில் பெறும் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே 7 நாட்களில் கிடைக்கும். இடையில் நீர் ஆவியாகிவிட்டால் வினை நின்றுவிடும், வெடிப்புகளும் தோன்றும். ஆகவேதான் தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் கலவையிலேயே நீரைத் தாராளமாக ஊற்றலாமே எனக் கேட்கலாம். கூடாது! 50 கிலோ மூட்டை சிமெண்டு வேதிமுறையில் பிணைத்துக்கொள்ளும் நீர் சுமார் 12 லிட்டர்தான். கலவை இளகி வருவதற்காக 25 லிட்டர் வரை சேர்க்கிறோம். அதற்கு மேற்பட்ட நீர் பின்னர் வெளியேறி, நுண்துளைகளை விட்டுச்செல்லும், வலிமை குறையும். அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இல் இதனைச் சோதனைகளால் நிறுவினார். கலக்கும்போது அளவாக, இறுகியபின் தாராளமாக என்பதே விதி.

மாளிகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கூடம் அகலமானது. ஒரே பருமனும் ஒரே பளுவும் கொண்ட தளத்தில், வளைவுத் திருப்புத்திறன் இடைவெளியின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 3 மீட்டர் அறையைவிட 6 மீட்டர் கூடத்தில் அது நான்கு மடங்கு! எனவேதான் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுத் தளத்தின் முட்டுகளுக்கு, 4.5 மீட்டர் இடைவெளி வரை 7 நாட்களும் அதற்கு மேல் 14 நாட்களும் குறிக்கிறது. 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரங்களுக்கு 21 நாட்கள். சாம்பல் கலந்த சிமெண்டானால் இன்னும் பொறுக்க வேண்டும்.

6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 18 செ.மீ. பருமனும் உள்ள தளத்தின் எடை ஏறத்தாழ 16 டன். முட்டுகளைப் பிரிக்கும் தொழிலாளர்கள் அதன் அடியில்தான் நிற்கிறார்கள் என்பதை மறக்கலாமா?

கட்டட வேலையை நிர்வகிப்பவர் தளம் போட்ட தேதியைச் சுவரில் எழுதிவைக்கட்டும். காத்திருக்கும் நாட்களில் வேறு பக்கத்துச் செங்கல் வேலையை நடத்தட்டும். பணத்தால் பளிங்கை வாங்கலாம். நீரேற்றத்திற்கு வேண்டிய நாட்களை வாங்க முடியாது. மேஸ்திரி சொன்னதே சரி.